அடியில் ஓடும் அலை!

மேலே பார்த்தால் கடல் அமைதி. அடியிலோ, 60 மீட்டர் அளவுக்கு நீரைத் தூக்கி இறக்கும் பேரலை! கட்டுக்கதையல்ல, அந்தமான் கடலில் கருவி வைத்து அளந்து, 1980இல் ஆஸ்பார்ன், பர்ச் என்ற இருவர் வெளியிட்ட உண்மை.

எப்படி எழுகிறது? வெயில் காய்ந்த இலேசான நீர் மேலே. குளிர்ந்து கனத்த நீர் கீழே. ஓதம் இவ்விரண்டையும் கடலடி மேடுகளின் மீது தள்ளுகிறது. இடையிலுள்ள எல்லை அலையாகப் புரள்கிறது.

மேற்பரப்பில் தெரிவதெல்லாம் சொரசொரப்பும் வழவழப்புமான பட்டைகளே. அவற்றை 1978இல் சீசாட் செயற்கைக்கோளின் ராடார் படம் பிடித்தது. வெப்பமண்டலக் கடலை மேகம் மூடினாலென்ன, இருள் சூழ்ந்தாலென்ன? ராடாருக்கு இரண்டும் தடையல்ல!

இதனால் நமக்கென்ன என்பீர்களா? அந்தமானில் அளந்தது எண்ணெய்த் துளைப்புக்காக. துளைக்கும் கப்பல் அசைந்தால் முதலாளிக்கு நட்டம். அதில் நிற்கும் தொழிலாளிக்கோ உயிர்! 2021 ஏப்ரலில் பாலித் தீவுக்கு வடக்கே நங்காலா நீர்மூழ்கி மூழ்கி 53 பேர் மாண்டனர். உள்ளலை காரணமாகலாம் என்றனர் இந்தோனேசியக் கடற்படை அதிகாரிகள்.

2014இல் ஏவிய ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்கள் எவருக்கும் இலவசம். 2025 சூலையில் சிரீஅரிகோட்டாவிலிருந்து நிசார் பறந்தது. அதற்கான செலவில் மக்கள் வரிப்பணமும் உண்டு. படம் ஆய்வுக்கூடத்தில் உறங்கலாமா? எச்சரிக்கையாகி, உழைப்பவன் மொழியில் துளைமேடைக்கும் படகுக்கும் வந்து சேர வேண்டும்.

வானத்தில் கண் வைத்தோம். அது கண்டதைக் கடலில் உழைப்பவன் காதில் போட வேண்டாமா?