அணைக்காக எழுப்பப்பட்டவர்களில் யார் கணக்கில் வருகிறார்கள்?

மகாவலி என்றதும் யாழ்ப்பாணத்தில் பேச்சு மணலாற்றுக்குப் போய்விடும். அதில் தவறில்லை. ஆனால் அதே திட்டத்தின் மறுமுனையில், மலைநாட்டில், அணைகளுக்காக வெளியேற்றப்பட்டவர்களை நாம் பெரிதாகக் கவனித்ததில்லை.

30 ஆண்டுகளுக்கென வகுத்த திட்டத்தை 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்தன அரசு 6 ஆண்டுகளாகச் சுருக்கியது. பிரித்தானிய உதவியுடன் விக்டோரியா, சுவீடன் உதவியுடன் கொத்மலை என அணைகள் எழுந்தன. பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் அதன் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டும். காணி இழந்த சிங்கள விவசாயிகள் பலர் வறள் வலயத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

இடம்பெயர்வின் ஆபத்துகளைச் சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா எட்டாக வகுத்தார். முதலாவது, காணி இழப்பு. லயன் அறையில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு இழக்கவே காணி இருந்ததில்லை. 1948 சட்டத்தால் குடியுரிமையும் பறிபோன சமூகம் அது. எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினைக்கு 2003இல்தான் சட்டம் வந்தது.

தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்தில் நிலைமை சற்று மேல். சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்காக எழுந்த குரல்தான் உரத்துக் கேட்டது என்றாலும், லயன் குடும்பங்களுக்கும் புது வீடுகள் கிடைத்தன. ஜப்பானியக் கடனில் நடந்த வேலை என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் உரித்தைப் பார்த்தே இழப்பீடு தருகிறது. உறுதி இல்லாதவர்களையும் கணக்கில் எடுக்கச் சொல்லும் 2001ஆம் ஆண்டின் மீள்குடியேற்றக் கொள்கை வெறும் கொள்கைதான், சட்டமல்ல.

இந்த இரு கதைகளும் வன்னியில் சந்திக்கின்றன. 1977 வன்செயலில் துரத்தப்பட்ட மலையகத் தமிழர்கள் கென்ற், டொலர் பண்ணைகளில் குடியேறியிருந்தார்கள். 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட்டு, சிங்களக் கைதிகள் குடியமர்த்தப்பட்டார்கள். அந்த நவம்பரில் புலிகள் அங்கு நடத்திய படுகொலையையும் மறைத்துப் பேச முடியாது. பின்னர் அப்பகுதி மகாவலி 'எல்' வலயமானது.

இப்போது வவுனியா வடக்கில் கிவுல் ஓயா நீர்த்தேக்கத்துக்கு எதிர்ப்பு. அது நீர்ப்பாசன அணைதான். ஆனாலும் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. போரில் உறுதியைத் தொலைத்தவர்களும், அனுமதிப்பத்திரம் இல்லாமலே பயிர் செய்பவர்களும் அங்கு இருக்கிறார்கள். குடியேற்ற அச்சத்தைச் சொல்லும் எம் அரசியல்வாதிகள், பாதிக்கப்படும் குடும்பங்களின் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். நில அளவையாளர் வருவதற்கு முன்னரே.