எதிர்வரிசையில் மட்டும் வாழும் கொள்கை

2012 மே 17 அன்று மாநிலங்களவையில் ஒரு தீர்மானம் விவாதத்துக்கு வந்தது. இணைய நிறுவனங்களுக்கென முந்தைய ஆண்டு நடுவணரசு வகுத்த விதிகளைச் செல்லாதனவாக்கக் கோரியது அது. முன்மொழிந்தவர் கேரளத்து மார்க்சிஸ்ட் உறுப்பினர் பி. ராஜீவ். புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்குமாறு கட்டளையிட்ட அவ்விதிகள், எந்தப் பேச்சு ஊறு விளைப்பது, எது இழிவுபடுத்துவது என்று வரையறுக்கவில்லை. அன்றைய எதிர்க்கட்சித் தலைவரான பாரதிய ஜனதாவின் அருண் ஜேட்லி தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். 1975இல் இணையம் இருந்திருந்தால் நெருக்கடி நிலை தோற்றுப்போயிருக்கும் என்றார். அமைச்சர் கபில் சிபல், அனைவரோடும் கலந்து பேசுவதாக வாக்களித்தார். குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் வீழ்ந்தது.

இரண்டே ஆண்டில் ஆட்சி மாறியது. நிதியமைச்சரான ஜேட்லியிடம் சில மாதங்களில் தகவல் ஒலிபரப்புத் துறையும் வந்து சேர்ந்தது. விதிகள் இருந்தபடியே இருந்தன. இணையத்தில் எழுதியோரைச் சிறைக்கனுப்பிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவுக்காக அவர் அங்கம் வகித்த அரசே உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. 2015 மார்ச் 24 அன்று நீதிமன்றம் அதனை நீக்கியது. பக்கங்களை முடக்கும் 69ஏ பிரிவையோ நிலைநிறுத்தியது. அப்பிரிவின்கீழ் 2014இல் முடக்கப்பட்ட முகவரிகள் 471; 2020இல் 9,849. நாடாளுமன்றத்தில் அரசே அளித்த கணக்கு இது.

ஒரு கட்சியை மட்டும் கூண்டிலேற்றுவது நேர்மையாகாது. 69ஏ பிரிவை நாட்டுக்கு அளித்தது ஐக்கிய முற்போக்குக் கூட்டணி. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம் நிறைவதற்குள், 2008 டிசம்பர் 22 அன்று, மக்களவை விவாதமின்றி அதை நிறைவேற்றியது. அப்போது தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் திராவிட முன்னேற்றக் கழகத்தின் ஆ. இராசா. அன்று எதிர்வரிசையிலிருந்த பாரதிய ஜனதாவும் அவையில் வாதிட்டு அதைத் தடுக்கவில்லை.

அந்தப் பிரிவு தமிழகத்தின் வாசற்படிக்கு வந்தது 2025 பிப்ரவரியில். அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டபோது பிரதமர் மௌனம் காத்ததைச் சுட்டி, டிரம்ப்பின் அருகே கைவிலங்குடன் அவர் அமர்ந்திருப்பதாக விகடன் ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. அன்றைய தமிழக பா.ஜ.க. தலைவர் அண்ணாமலை புகார் அளித்தார். பிப்ரவரி 15 மாலை வாசகர்கள் பலருக்கு விகடன் இணையதளமே திறக்கவில்லை. ஒரு சித்திரத்தின்மீது குறை. பூட்டப்பட்டதோ சமையற்குறிப்பு முதல் அரசியல் கட்டுரை வரை அத்தனையும். முறையான அறிவிப்பு அதன் பிறகே வந்தது. மார்ச் 6 அன்று, சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இடைப்பட்ட நாள்களில் மு.க. ஸ்டாலின் உட்படத் தலைவர்கள் பலர் முடக்கத்தைக் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானது. அம்முடக்கத்துக்கு வழிவகுத்த சட்டம் எவர் காலத்தில் பிறந்தது என்பதை மட்டும் எவரும் சொல்லக் காணோம்.

இதே விகடன் 1987இலும் தண்டிக்கப்பட்டது. அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது சட்டமன்றம். கொடுமைதான். ஆயினும் தண்டித்தவர் யார், எதற்காக, எந்த நாளில் என்பதை ஊரே அறிந்தது. எதிர்ப்பு எழுந்தது; சில நாள்களில் அவர் விடுதலையானார்; பின்னாளில் உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் இழப்பீடும் வழங்கச் செய்தது. இன்றைய முடக்கத்துக்கு அந்த வெளிச்சம்கூட இல்லை. 69ஏ பிரிவுக்கான 2009ஆம் ஆண்டு விதிகளின் 16ஆம் விதி, புகாரையும் அதன்மீதான நடவடிக்கையையும் மறைபொருளாக வைக்கச் சொல்கிறது. எழுதியவரை அழைக்காமல் தளம் நடத்தும் நிறுவனத்துக்கு மட்டும் அறிவிப்பு அனுப்பினாலும் போதும் என்பதாக 8ஆம் விதி அமைந்திருக்கிறது. காரணம் எழுத்தில் பதிவாவதால் பாதிக்கப்பட்டவர் வழக்காடலாம் என்று கருதியே 69ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் விட்டுவைத்தது. ஆணையைக் கண்ணாலேயே காணாதவர் எதை எதிர்த்து வழக்காடுவார்?

குழந்தைகளை வதைக்கும் படங்களையும் பயங்கரவாதிகளின் அழைப்புகளையும் தடுக்க வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. அந்தக் கடமையைக் காட்டிப் பெற்ற அதிகாரம் கேலிச்சித்திரத்தின்மீது பாய்கிறது என்பதே நம் முறையீடு. இப்போது 'சஹ்யோக்' என்னும் நடுவணரசுத் தளத்தின் வழியாக, 69ஏ பிரிவின் குறைந்தபட்சக் காப்புகளும் இல்லாமல், அகற்றக் கோரும் அறிவிப்புகள் செல்கின்றன. மாநில அரசுகளின் அதிகாரிகளுக்கும் அதில் இடமுண்டு. அதை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. மாநிலங்களில் ஆளும் எதிர்க்கட்சிகள் இதில் என்ன நிலை எடுக்கின்றன என்பதே அவற்றின் கொள்கைக்கு உரைகல்.

ஆகவே, அறிக்கைகள் போதா. 16ஆம் விதியை நீக்குதல், எழுதியவருக்கு முன்னறிவிப்பு, குறித்த பக்கத்தை மட்டுமே முடக்குதல், ஆணைகளை வெளியிடுதல் ஆகியவற்றைக் கொண்ட தனிநபர் மசோதாவை எதிர்க்கட்சிகள் மக்களவையில் கொண்டுவரட்டும். தோற்றாலும், யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது அவைக்குறிப்பில் பதிவாகும். 69ஏ நிறைவேறியபோது அமைச்சராயிருந்த ஆ. இராசா இன்று நீலகிரியின் உறுப்பினராக எதிர்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அம்மசோதாவை முன்மொழிய அவரினும் பொருத்தமானவர் இல்லை.