சைடு ஸ்டெப் வேணுமா வேண்டாமா? ஆச்சியைக் கேட்டீங்களா?

ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிப் பக்கம் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். "தண்ணி நல்லா விழுதாம்லா, ஐந்தருவிக்குப் போவமா?" வாசலில் நிற்கிற உயரமான எஸ்.யூ.வி.யில் பேரன் ஒரே தாவில் ஏறிவிடுவான். அப்பா கைப்பிடியைப் பிடித்து ஏறுவார். கடைசியாக ஆச்சி வருவார். ஒரு காலைத் தூக்கிப் பார்ப்பார், சேலை தடுக்கும். கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயற்சி செய்வார். அப்புறம், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு முட்டு வலிக்கு" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்.

முட்டு வலி பொய் இல்லை. ஆனால் அதே ஆச்சிதான் பிரதோஷத்துக்குக் காசி விஸ்வநாதர் கோயிலை நடந்தே சுற்றி வருகிறார். டவுன் பஸ்ஸில் கூட ஏறிவிடுகிறார், அதில் படி இருக்கிறது. பதினைந்து, இருபது லட்சம் போட்டு வாங்கிய சொந்த வண்டியில்தான் ஏற முடியவில்லை!

சைடு ஸ்டெப் மாட்டலாமா வேண்டாமா என்ற பஞ்சாயத்தை இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் யாரும் இங்கிருந்து ஆரம்பிப்பதில்லை. முடிவெடுப்பது ஸ்டியரிங் பிடிக்கிற ஆள். அவருக்கு அந்தப் படியே தேவையில்லை.

இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, "பளபளன்னு மாட்டினாத்தான் வண்டிக்குக் கெத்து" என்கிறது. இன்னொன்று, "மாட்டினா லுக் போயிடும், ஆஃப்ரோடு போறப்ப தட்டும்" என்கிறது. ரெண்டு பேரும் வண்டியை வெளியே நின்று பார்க்கிறவர்கள். வண்டிக்குள் ஏற வேண்டிய ஆளைப் பற்றி ரெண்டு கட்சிக்கும் கவலை இல்லை.

முதலில் அந்த ஆஃப்ரோடு கதை. குற்றாலத்தில் ஆஃப்ரோடு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்? பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று எங்கே போனாலும் பக்கத்தில் வரைக்கும் தார் ரோடு. செண்பகாதேவிக்கு வண்டியே போகாது, வனத்துறை விட்டால் காலால் ஏற வேண்டியதுதான். மற்ற நாளெல்லாம் இந்த வண்டிகள் செங்கோட்டைக்கும் கடையநல்லூருக்கும் போகும், ராத்திரியானால் பிரானூர் பார்டருக்குப் புரோட்டா தின்னப் போகும். இதற்குத்தான் பாறையில் ஏறப்போகிறது மாதிரி பேச்சு. உண்மையிலேயே காடு மலை ஏறத் தோதான 2020 மாடல் தாருக்குத் தரையிலிருந்து இடைவெளி 226 மில்லிமீட்டர். அதுவே கம்பெனியிலிருந்து பக்கப்படியோடு வந்தது. தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற தாருக்கு எதற்கய்யா இவ்வளவு பயம்? :-)

தாழ்வாகத் தொங்குகிற படி உயரமான வேகத்தடையில் இடிக்கும் என்பது மட்டும் நியாயமான பேச்சு. அதற்கு வண்டியின் அடிவிளிம்போடு ஒட்டி நிற்கிற படியாகப் பார்த்து வாங்க வேண்டும். படியே வேண்டாம் என்பது அதற்குப் பதில் இல்லை.

இந்தப் படி நேற்று வந்த ஃபேஷனும் இல்லை. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலேயே ரெண்டு பக்கமும் நீளப் பலகை உண்டு. அப்போது கார்கள் உயரம், ஏறப் படி வேண்டியிருந்தது. பிறகு கார்கள் தாழ்ந்தன, படியும் காணாமல் போனது. இப்போது கார் மறுபடி உயர்ந்துவிட்டது. அப்படியானால் படியும் திரும்ப வர வேண்டாமா? உயரம் மட்டும் வேண்டும், படி அசிங்கம் என்பது என்ன நியாயம்?

வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் ஆறு, ஏழு அங்குலம்தான் இருக்கும். எஸ்.யூ.வி.யின் தரைப்பலகை ரோட்டிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட ரெண்டு மூன்று படியை ஒரே எட்டில் ஏறச் சொல்கிறோம். சாதாரணப் படி ஏறும்போதே மூட்டில் உடல் எடையைப் போல மூன்று மடங்கு பாரம் விழுகிறது. இறங்கும்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இறங்குவதுதான் பெரிய ஆபத்து, இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஏறும்போது நாலு பேர் கை கொடுப்பார்கள். இறங்கும்போது கால் தரையைத் தேடிக் காற்றில் துழாவும்.

சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. நிறுத்தத்தில் நின்றதும் ஏறுகிறவர்களுக்காக ஒரு பக்கம் தாழ்ந்து கொடுக்கிற பேருந்துகள் அவை. அதற்காக மாற்றுத்திறனாளிகள் பல வருஷம் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. ஊருக்கு ஓடுகிற பஸ்ஸே குனிகிறது, வீட்டு வண்டி குனியாதாம்!

சரி, மாட்டுவது என்று முடிவாகிவிட்டால் அடுத்த கூத்து. கடைக்காரர் எடுத்துக் காட்டுவது கண்ணாடி மாதிரி மினுங்குகிற அலுமினியப் பட்டை, இல்லாவிட்டால் உருண்டைக் குழாய். குற்றாலத்துக்கு இதைவிடப் பொருத்தமில்லாத சாமான் கிடையாது. அருவியிலிருந்து வருகிற காலில் ஈரம், சேறு ரெண்டும் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற சாமிமார்கள் வெறுங்காலோடு ஏறி இறங்குவார்கள். அந்தக் காலை வழவழப்பான உலோகத்தில் வைத்தால் என்ன ஆகும்? முழங்காலுக்குக் கீழே எலும்பில் நச்சென்று இடிக்கும். இப்படிப்பட்ட படிக்குப் படி இல்லாததே மேல்.

பாதம் முழுசாகப் பதிகிற அகலம், மேலே வரிவரியான ரப்பர், வண்டியின் சட்டத்தோடு நேராகப் பிணைகிற போல்ட்டு, இவ்வளவும் இருந்தால்தான் அது படி. ஜாக்கி வைக்கிற இடத்தை மறைக்கக் கூடாது. பாடியில் கண்ட இடத்தில் ஓட்டை போட்டால் சாரல் ஈரத்தில் துரு பிடிக்கும். "பக்கத்தில் யாராவது இடிச்சா இது காப்பாத்தும்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம், அது ஏறுவதற்கு மாட்டுகிற சாமான். கதவோரத்தில் கைப்பிடியும் இருக்க வேண்டும், கைப்பிடி இல்லாத படி பாதிப் படிதான்.

"இதுக்கெல்லாம் போலீஸ் பிடிக்கும்" என்பார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு நடவடிக்கை எடுக்கச் சொன்னது முன்னால் மாட்டுகிற கிராஷ் கார்டுகள் மேல். அது எதிரே வருகிறவனை அடிக்கும் கம்பி. அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். பயமாக இருந்தால் கம்பெனி ஷோரூமிலேயே அந்த மாடலுக்கென்று விற்பதை வாங்கி மாட்டலாம்.

வீட்டில் பெரியவர்களோ சின்னப் பிள்ளைகளோ இல்லை, வண்டியும் அவ்வளவு உயரமில்லை என்றால் மாட்டவே வேண்டாம். சேறு சேரும், பேன்ட் அழுக்காகும், நெட்டையானவர்கள் இறங்கும்போது கெண்டைக்காலில் இடிக்கும்.

மற்றவர்கள், ஷூ போட்டுக்கொண்டு ஷோரூமில் ஏறி இறங்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆச்சி சேலையோடு, ஈரக் காலோடு, யாரும் கை கொடுக்காமல் ஏறட்டும், இறங்கட்டும். முடியவில்லை என்றால் அன்றைக்கே படிக்கு ஆர்டர் கொடுங்கள். "டிக்கியில ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கு, அது போதும்" என்கிறவர்கள், பழைய குற்றாலத்தில் வண்டி நிறுத்துகிற மேடுபள்ளத்தில் அந்த ஸ்டூலைப் போட்டு, முதலில் தாங்களே ஒரு தடவை ஏறிக் காட்டட்டும்.