யானை நமக்கு, அங்குசம் அவர்களுக்கு

'அணுமின் ஒத்துழைப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஒத்துழைப்பு என்றால் இரண்டு பேர் சேர்ந்து உழைப்பது. ஒருவரே கடன் கொடுத்து, அந்தப் பணத்துக்குத் தன் உலையையே விற்று, எரிபொருளையும் தானே தந்தால் அது ஒத்துழைப்பா? வட்டிக்கடைக்காரரே மளிகைக்கடையும் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பங்களாதேஷின் ரூப்பூரைப் பாருங்கள். பத்மா நதிக்கரை. அந்த நாடு கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோதே, 1961இல், கண்ட கனவு. இப்போது தலா 1200 மெகாவாட்டில் இரண்டு ரஷ்ய உலைகள். செலவு சுமார் 1265 கோடி டாலர். அதில் 90 சதவீதம் ரஷ்யக் கடன்.

2017 நவம்பரில் கான்கிரீட் போட்டார்கள். 2022இல் உக்ரைன் போர் வந்தது. அந்த டிசம்பரில் ரூப்பூருக்கான சாமான்களோடு ஒரு ரஷ்யக் கப்பல் வந்தபோது, அது பெயர் மாற்றிக்கொண்டு வரும் தடைசெய்யப்பட்ட கப்பல் என்றது அமெரிக்கா. டாக்கா அதை மோங்லா துறைமுகத்துக்குள் விடவில்லை. தடைப்பட்டியலில் இருந்த மற்ற ரஷ்யக் கப்பல்களுக்கும் வாசல் மூடியது. உடனே மாஸ்கோ, பங்களாதேஷ் தூதரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டது. அடுத்த தலைவலி தவணை. தடைகளால் டாலர் அனுப்ப வழியில்லை. சீன யுவானில் கட்டலாம் என்று 2023 ஏப்ரலில் பேசி முடித்தார்கள்.

கடன் ரஷ்யாவோடது, கணக்கு டாலரில், தடை அமெரிக்காவோடது, தீர்வு சீன நாணயம். இதில் பங்களாதேஷ் எங்கே இருக்கிறது? கட்ட வேண்டியவர் என்ற இடத்தில் மட்டும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ ரஷ்யாதான் வில்லன்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். டாக்காவிடம் கண்டிப்பு காட்டிய அமெரிக்கா, தன் உலைகளுக்கு ரஷ்யாவிலிருந்து செறிவூட்டிய யுரேனியம் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. 2024 மே மாதம்தான் அதைத் தடைசெய்து சட்டம் போட்டது. அதிலும் வேறு வழியில்லாவிட்டால் 2027 இறுதிவரை வாங்கலாம் என்று தனக்கு விலக்கு வைத்துக்கொண்டது. பணக்காரனுக்கு அவகாசம், ஏழைக்கு அன்றைக்கே கெடு.

அமெரிக்கக் கம்பெனி வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? பிலிப்பைன்ஸின் பத்தானைக் கேளுங்கள். மார்க்கோஸ் ஆட்சியில், 1976இல், வெஸ்டிங்ஹவுஸ் கட்டத் தொடங்கிய உலை. 200 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. 1986இல் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார், செர்னோபிலும் வெடித்தது, உலையைப் பூட்டிவிட்டார்கள். இன்றுவரை அது ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தரவில்லை. அதன் கடனை மட்டும் மக்கள் 2007 வரை கட்டினார்கள். உலை கட்டத் தொடங்கியபோது பிறந்த குழந்தைக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும்.

ரூப்பூருக்குக் கையெழுத்துப் போட்ட ஹசீனாவும் 2024 ஆகஸ்டில் நாட்டைவிட்டுப் போய்விட்டார். கடன் போகவில்லை. கையெழுத்துப் போடுபவர் ஓடிவிடலாம், கட்டுபவர் ஓட முடியாது. என் கோபமெல்லாம் இதுதான்.

"அப்போ அவங்க இருட்டுலயே கிடக்கணுமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஏழை நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். அது வேண்டாமென்று ஏசி அறையிலிருந்து உபதேசம் செய்ய எனக்கு உரிமையில்லை. 2025 ஜூன் வரை உலக வங்கி அணுமின்சாரத்துக்குக் கடன் தர மறுத்தே வந்தது. யாரும் தராதபோது, தருகிறவரின் கதவைத்தானே தட்டுவார்கள்? ஆனால் வேறு வழியில்லாமல் போடும் கையெழுத்தை 'நட்பு' என்று மேடையில் கொண்டாடுவதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

இந்தியாவும் இதில் வேடிக்கை பார்க்கும் பக்கத்து வீடு இல்லை. ரூப்பூருக்காக 2018இல் ரஷ்யாவோடும் பங்களாதேஷோடும் முத்தரப்பு ஒப்பந்தம் போட்டது. நம்ம கூடங்குளமும் அதே ரஷ்ய வம்சம்தான். ஒப்பந்தம் 1988இல், கோர்பச்சேவ் காலத்தில். அதன் பாதுகாப்பு அறிக்கையை வெளியிடச் சொல்லி மத்தியத் தகவல் ஆணையம் 2012இல் உத்தரவிட்டது. அணுமின் கழகம் கொடுக்கவில்லை. பக்கத்திலேயே குடியிருக்கும் மீனவருக்குக் காட்டக்கூடாத அப்படி என்ன ரகசியம் அதில்?

ரூப்பூர் உலைகளின் ஆயுள் 60 வருஷம். அதற்குள் எத்தனை ஆட்சிகள், எத்தனை போர்கள், எத்தனை தடைகள்! ஆகவே நான் கேட்பது மூன்றுதான். கையெழுத்துக்கு முன்பே கடன் ஒப்பந்தம் முழுசாக மக்கள் பார்வைக்கு வர வேண்டும். எரிபொருளை இன்னொரு நாட்டிடமும் வாங்க வழி இருக்க வேண்டும். விபத்து நடந்தால் உலை விற்றவரும் நஷ்ட ஈட்டில் பங்கு தர வேண்டும். இதற்கெல்லாம் சம்மதிக்காதவர் மாஸ்கோவிலிருந்து வந்தாலும் சரி, வாஷிங்டனிலிருந்து வந்தாலும் சரி, பெய்ஜிங்கிலிருந்து வந்தாலும் சரி, அவரை வியாபாரி என்றே கூப்பிடுவோம். நண்பர் என்று வேண்டாம்.