துறைமுகத்தைக் காத்தவர்கள் மக்களைக் காக்கவில்லை

ஒரு துளி இரத்தமும் சிந்தாமல், பேச்சுவார்த்தையாலேயே இலங்கை 1948இல் முழுச் சுதந்திரம் பெற்றது என்ற பெருமை ஆண்டுதோறும் மேடையேறுகிறது. இரத்தம் சிந்தவில்லை என்பது சரி; முழுச் சுதந்திரம் என்பதுதான் பிழை. பிரித்தானிய நாடாளுமன்றம் இலங்கைச் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றுமுன், 1947 நவம்பர் 11இலேயே, பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவும் தேசாதிபதி மூரும் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டார்கள். கடற்படை, விமானத் தளங்களைப் பிரித்தானியா பயன்படுத்த அது வழிவிட்டது. முடிவுத் தேதி குறிக்கவில்லை. 1942இல் சிங்கப்பூரை இழந்த லண்டன், திருகோணமலையின் ஆழமான உள்துறைமுகத்தை லேசில் விடுமா? ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும் எண்ணெய்க் குதங்களை அங்குள்ள சீனன்குடாவில் வரிசை வரிசையாகக் கட்டி வைத்திருந்தவர்கள் அவர்கள். 1957 ஒக்டோபரில்தான், பிரதமர் பண்டாரநாயக்க மறுபடி பேசிய பிறகு, தளம் கைமாறியது.

இந்தியாவைப் பற்றிய அச்சத்தால் சேனநாயக்க விரும்பியே கையெழுத்திட்டார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் சுதந்திரம் கைக்கு வருமுன், அதைத் தரவேண்டியவரோடு செய்த உடன்படிக்கையைச் சமமானவர்களின் பேரம் என்று எப்படிச் சொல்வது? இந்த உடன்படிக்கையைக் காட்டித்தான் 1948இல் சோவியத் யூனியன் இலங்கையின் ஐ.நா. அங்கத்துவத்தைத் தடுத்தது. அதில் பனிப்போர்க் கணக்கு இருந்தது உண்மை. அந்தக் கணக்குக்குக் காரணம் எடுத்துக் கொடுத்தது கொழும்பே.

இதே பேச்சுவார்த்தையில் சிறுபான்மையினருக்குக் கிடைத்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சபை இடங்களில் பாதியைச் சிறுபான்மையினருக்குக் கேட்ட, தமிழ்த் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை, அரசியலமைப்பைப் பரிந்துரைக்க வந்த சோல்பரி ஆணைக்குழு ஏற்கவில்லை. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் செல்லாது என்ற அரசியலமைப்பின் 29ஆம் பிரிவே காப்பாக அமைந்தது. அதே 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 29ஆம் பிரிவு அதைத் தடுக்காது என்று, லண்டனிலிருந்த உச்ச மேன்முறையீட்டு மன்றமான கோமறைக் கழகம் 1953இல் தீர்ப்பளித்தது. 1945இல் அரசாங்க சபையின் தமிழ் உறுப்பினர்களும் சோல்பரித் திட்டத்துக்கு வாக்களித்தார்களே என்று கேட்கலாம். வாக்களித்தார்கள், அந்தக் காப்பை நம்பி. அடிப்படை உரிமைகளுக்கு வலுவான காப்பு வைத்திருக்க வேண்டும் என்று ஆணைக்குழுத் தலைவர் சோல்பரி பிரபுவே 1963இல் ஒரு நூலின் முன்னுரையில் எழுதினார். பேசித் தீர்ப்பது தவறென்பதல்ல என் வாதம். லண்டன் தனக்கு வேண்டியதை உடன்படிக்கையாக்கிக்கொண்டு, பிரஜாவுரிமை இழக்கப்போகிறவர்களின் பாதுகாப்பைப் பெரும்பான்மையின் நல்லெண்ணத்துக்கு விட்டது. அந்தப் பேரத்தை இராஜதந்திர வெற்றி என்று கொண்டாடுவது, அதற்கு விலை கொடுத்தவர்களைக் கணக்கில் சேர்க்காத கொண்டாட்டம்.