கோலம் கோணியபோது
அம்மாவுக்குப் பார்க்கின்சன் வந்து 6 வருஷம். நினைவுப் பரிசோதனையில் சொன்ன 5 வார்த்தைகளையும் சற்று நேரம் கழித்து அப்படியே ஒப்பித்தார். "ஞாபகம் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். கடிகாரம் வரையச் சொன்னபோது முட்கள் இடம் மாறிப்போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் பகீரென்றது. வாசலில் அவர் போடும் ஏழு புள்ளிக் கோலத்தில், இழை புள்ளியைச் சுற்றாமல் அதன் மேலேயே ஏறிப்போய் மாதக்கணக்காகிறது.

இந்த நோயில் பெண்களுக்குச் சொல் நினைவு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. வடிவமும் இடமும் உணரும் திறன்தான் தடுமாறுகிறது என்கின்றன பல ஆய்வுகள். இந்த நோய் உள்ளவர்களில் ஆண்களுக்கு மறதிநோய் ஆபத்து கூடுதல். இந்த நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் விவரித்த 6 நோயாளிகளுமே ஆண்கள்.

மருத்துவர்களே, மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாதீர்கள். எந்தக் கேள்வியில் நோயாளி சறுக்கினார் என்று பாருங்கள். வாசலிலும் அடுப்படியிலும் என்ன மாறியிருக்கிறது என்று கூட வந்தவரிடம் கேளுங்கள்.