மரதன் ஓட்டமும் குறிகட்டுவான் படகும்

2024 மார்ச் 11 இல் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். மக்கள் வைத்தியசாலை முன் திரண்டு நியாயம் கேட்டனர். அது கேட்க வேண்டியதுதான். ஆனால் மைதானத்தில் என்ன ஆயத்தம் இருந்தது என்ற கேள்வி அதற்குள் அமுங்கிவிட்டதாகவே நினைக்கிறேன்.

தீவகத்துக்கு அந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. நெடுந்தீவில் ஒரு பிள்ளை விழுந்தால், மேல்சிகிச்சைக்குச் சுமார் ஒரு மணிநேரம் கடலில் வந்து குறிகட்டுவானில் இறங்க வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு ஓட்டம். வெப்பத்தாக்கு அவ்வளவு நேரம் காத்திராது. ஓடிய பிள்ளை உடல் கொதிக்க, பேச்சுக் குழறி, மயங்கினால் முதல் அரைமணிநேரத்துக்குள் குளிர்விக்க வேண்டும். படகுக்குச் சொல்லிவிட்டு, நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் சோடா ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஓட்டப்பாதையில் நாலு வாளி தண்ணீர் வைக்க எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

வெறும் தேத்தண்ணியோடு ஓட வரும் பிள்ளைகளும் உண்டு. இரண்டு மணிநேரம் முந்தி உப்பிட்ட கஞ்சியோ அவித்த பயறோ போதும், குளுக்கோசுப் பைக்கற் வேண்டாம். விடியவே ஓட்டத்தை முடிக்கலாம். பிரதம விருந்தினரின் படகு பிந்தினால் பிள்ளைகள் ஏன் வெயிலில் ஓடவேண்டும்? முன்பு ஓடும்போது நெஞ்சு நொந்த பிள்ளை, குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் கண்ட பிள்ளை, இருவரையும் வைத்தியர் பார்க்காமல் ஓடவிடக்கூடாது. பெயர் பதியும்போதே ஆசிரியர் கேட்டுவிடலாம்.